பெனட்டா, டேனியல்ஸா?

2021 டிசம்பர் 4ஆம் தேதி, அட்லாண்டாவில் நடந்த, தென்கிழக்கு மாநிலங்களின் கல்லூரிக் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி அலபாமாவிடம் 41-24 என்று தோற்றது. அந்த சீசனில் அதுவரை ஆடிய 12 ஆட்டங்களிலும் ஜெயித்திருந்த அணி அது. 2008இலிருந்து கணக்கெடுத்தால் அலபாமாவிடம் வரிசையாக ஏழாவது தோல்வி. மறுநாளிலிருந்து மாதக் கடைசி வரை ஜார்ஜியா மாநிலத்து ரேடியோவிலும் முடிதிருத்தும் கடைகளிலும் குடும்ப விருந்துகளிலும் ஒரே வழக்குதான் நடந்தது. அடுத்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக இறங்க வேண்டியது ஸ்டெட்சன் பெனட்டா, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜே.டி. டேனியல்ஸா?

ஒரு கலையின் ரசிகர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பது அவர்கள் புகழும்போது தெரியாது, குறை சொல்லும்போது தெரிந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கைப் பற்றிய சண்டைகளை நான் அந்த ஆவலோடுதான் கவனித்து வருகிறேன். அவற்றில் ஆகச் சிறந்தது என்று அந்த டிசம்பர் மாதத்து வழக்கைச் சொல்வேன். இரண்டு தரப்பிலும் பேசியவர்கள் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துப் பார்த்தவர்கள். இரண்டு தரப்பும் பார்த்தது உண்மை. ஆனாலும் தீர்ப்பு வேறெங்கோ இருந்தது.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். ஒவ்வொரு முயற்சியும் நடுவில் குனிந்து நிற்பவர் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் அனுப்புவதில் தொடங்குகிறது. அதை வாங்குபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் அவருடைய ஆட்கள் ஐந்து பேர் அரண் போல நிற்பார்கள். அந்த அரணுக்குள் இருக்கும் சிறு இடத்துக்குப் பாக்கெட் என்று பெயர். எதிரணியின் பெரிய ஆட்கள் அதை உடைத்துக்கொண்டு வருவதற்குள், பெரும்பாலும் மூன்று வினாடிக்குள், பந்து கையை விட்டுப் போக வேண்டும்.

அந்த மூன்று வினாடிக்குள்தான் கலை இருக்கிறது. பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணியின் கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து வந்ததும் அவர்களில் ஒருவர் நகர்ந்தால் முதலில் போட்ட கணக்கு செல்லாது. மூன்று அல்லது ஐந்து காலடி பின்வாங்குவதற்கும், பந்தைப் பிடிக்கப் போகிறவர் குறித்த இடத்தில் திரும்புவதற்கும் ஒரே தாளம். அவர் திரும்பிய பிறகு எறிந்தால் தாமதம். அவர் இன்னும் முதுகு காட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் வந்து சேரப்போகும் வெற்றிடத்துக்குப் பந்து புறப்பட்டிருக்க வேண்டும். முதல் ஆள் மறிக்கப்பட்டிருந்தால் ஒரு சிறு எட்டு வைத்து இரண்டாம் ஆளைப் பார்ப்பது, இன்னொரு எட்டு வைத்து மூன்றாம் ஆளைப் பார்ப்பது. கண்ணும் காலும் சேர்ந்தே திரும்பும். கை வலிமை எல்லோர் கண்ணிலும் படும். அறுபது யார்டு பறக்கும் பந்தை யார்தான் வியக்க மாட்டார்கள்? தேர்ந்த ரசிகர் கால்களைப் பார்ப்பார். அவரைவிடத் தேர்ந்தவர் தலைக்கவசத்துக்குள் இருக்கும் கண்களைத் தேடுவார். பயந்துபோன குவார்ட்டர்பேக்கின் பார்வை தூரத்திலிருந்து இறங்கி, தன்னை நோக்கி வருகிறவர்கள் மேல் விழும். அந்தக் கணத்தோடு அந்த முயற்சி முடிந்துவிட்டது. பந்து இன்னும் கையில் இருந்தாலும் முடிந்துவிட்டது.

பெனட்டின் உயரம் 5 அடி 11 அங்குலம் என்று அணிப் பட்டியல் சொன்னது. அவருக்கு முன்னால் நின்றவர்களோ ஆறரை அடியைத் தொடுபவர்கள். அவர்கள் தலைக்கு மேலே பார்க்க வழியில்லாமல், தோள்களுக்கு நடுவே கிடைக்கும் இடுக்குகள் வழியாகத்தான் அவர் மைதானத்தைப் பார்க்க வேண்டும். தாக்குதல் ஆட்டத்தின் பயிற்சியாளராக இருந்த டாட் மங்கன் இதைப் புரிந்துகொண்டு, ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பக்கவாட்டில் ஓடிப்போய்த் திறந்த வெளியிலிருந்து எறியும் ஆட்டங்களை அவருக்கு நிறையக் கொடுத்தார். அந்த ஓட்டத்தில் பெனட் அழகாக இருப்பார். இடுப்பு ஒரு பக்கம் போகும், கண் இன்னொரு பக்கம் போகும், பந்து மூன்றாவது பக்கம் போகும்.

அவர் வந்த வழியும் அந்த வழக்கின் ஒரு பகுதி. தெற்கு ஜார்ஜியாவில் பிளாக்‌ஷியர் என்ற சிற்றூர்க்காரர். பள்ளி நாட்களில் பயிற்சி முகாம்களுக்குத் தபால்காரர் தொப்பி போட்டுக்கொண்டு போவார், கூட்டத்தில் யாராவது தன்னை நினைவு வைத்துக்கொள்ளட்டும் என்று. ‘மெயில்மேன்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 2017இல் ஜார்ஜியாவுக்கு உதவித்தொகை இல்லாமல், தானாக வந்து சேர்ந்தவர்களில் ஒருவராக வந்தார். அந்த ஆண்டு ரோஸ் பவுல் ஆட்டத்தில் எதிரணி ஓக்லஹாமா, அதன் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட். பயிற்சியில் மேஃபீல்ட் மாதிரியே ஓடி, அவர் மாதிரியே எறிந்து காட்டித் தன் அணியின் தற்காப்பைத் தயார்செய்யும் வேலை பெனட்டுக்கு. ஜார்ஜியா 54-48 என்று ஜெயித்தது. அடுத்த ஆண்டை மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் கல்லூரியில் ஆடிக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தார். 2020இல் வாய்ப்புக் கிடைத்தது. அலபாமாவிடம் 41-24, ஃபுளோரிடாவிடம் 44-28 என்று தோற்றார்கள். பெனட் பெஞ்சுக்குப் போனார்.

அவருடைய இடத்துக்கு வந்த டேனியல்ஸ், ஒரு குவார்ட்டர்பேக்கை வரையச் சொன்னால் ரசிகர்கள் வரையும் படம். கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற மேட்டர் டேய் பள்ளியில் ஆடி, ஐந்து நட்சத்திர மதிப்பீட்டோடு கல்லூரிக்குப் போனவர். முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக முதன்முதலில் இறங்கிய ஆட்டத்திலேயே 401 யார்டு எறிந்தார். பாக்கெட்டுக்குள் நிற்கும் நிதானம், பந்து கையை விட்டு நழுவும் லாவகம், நீளப் பந்து இறங்கும் மென்மை என எல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பவை. ஜார்ஜியாவுக்காக அவர் தொடங்கிய 7 ஆட்டங்களில் அணி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2021 சீசனையும் அவர்தான் தொடங்கினார். முதலில் வயிற்றுப் பக்கத் தசையிலும் பிறகு முதுகுத் தசையிலும் காயம் வர, பெனட் உள்ளே வந்தார். இரண்டாவது ஆட்டத்தில், அலபாமா-பர்மிங்ஹாம் அணிக்கு எதிராக, முதல் பாதிக்குள்ளேயே ஐந்து டச்டவுன் பாஸ், அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் எறிதல்கள். பின்னர் இரண்டாவது காயத்திலிருந்து டேனியல்ஸ் உடல் தேறியும், பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட் பெனட்டை எடுக்கவில்லை.

பெஞ்சில் இருக்கும் குவார்ட்டர்பேக்தான் ஊரில் எல்லோருக்கும் பிடித்தவர் என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. அவருடைய தவறுகளை யாரும் பார்த்ததில்லை என்பதால் அது எப்போதும் உண்மையாக இருக்கிறது. ஆனால் டேனியல்ஸ் தரப்பை அந்த ஒரு வாக்கியத்தால் தள்ளிவிட முடியாது. அவர்கள் சொன்னதைக் கேளுங்கள். அலபாமாவுக்கு எதிராகப் பெனட் 340 யார்டும் மூன்று டச்டவுன்களும் எறிந்தார், சரி. ஆனால் பின்தங்கியிருந்தபோது எறிந்த இரண்டு பந்துகள் எதிரணியின் கைக்குப் போயின, அவற்றில் ஒன்றை ஜோர்டன் பேட்டில் நேராக எல்லைக்கோட்டுக்கே கொண்டுபோனார். முன்னிலையில் இருக்கும் வரை பெனட் நன்றாக ஆடுவார். விரட்ட வேண்டிய நிலை வந்தால் இல்லாத வழியைத் தேடிப் போவார். செத்துப்போன ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கப் பார்ப்பார். பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த முயற்சிக்குத் தயாராகும் பொறுமை அவரிடம் இல்லை. இதைச் சொன்னவர்கள் ஸ்கோரை மட்டும் பார்த்துப் பேசவில்லை. அவர் கால்களைப் பார்த்துவிட்டுப் பேசினார்கள்.

பெனட் தரப்பு வேறொன்றைக் காட்டியது. அந்த ஆண்டு ஜார்ஜியாவின் தற்காப்பு 12 ஆட்டங்களில் சராசரியாக 7 புள்ளிகளுக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்திருந்தது. அடுத்த வசந்தத்தில் அந்தத் தற்காப்பிலிருந்து ஐந்து பேர் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட தற்காப்பின் மேல்தான் அன்று அலபாமாவின் பிரைஸ் யங் 421 யார்டு எறிந்தார். 41 புள்ளிகளை விட்டது குவார்ட்டர்பேக்கா? ஊரே கும்பிடும் தற்காப்பைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, அதனால் உயரம் குறைந்தவர் தலையில் பழி விழுந்தது. இந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் டேனியல்ஸ் தரப்பு கேட்டதற்கு இது பதில் இல்லை.

அந்த வழக்கின் பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரிக் கால்பந்தில் வழக்கமான சீசன் 12 ஆட்டங்கள்தான். அந்நாளில் தேசியப் பட்டத்துக்கு மோத நான்கே அணிகள் தேர்வாகும். ஒரு சனிக்கிழமை சறுக்கினாலே ஆண்டு முழுவதும் போகலாம். ஜார்ஜியா தோற்ற பிறகும் மூன்றாம் இடத்தில் உள்ளே வந்துவிட்டது. ஆனால் அந்த அணிக்கு 1980 சீசனுக்குப் பிறகு பட்டம் கிடைத்திருக்கவில்லை. அந்த சீசன் தெரிந்தவர்கள் இப்போது தாத்தா, பாட்டி. அவர்களில் எத்தனையோ பேர், குவார்ட்டர்பேக் ஜேக் ஃப்ரோமை வைத்துக்கொண்டு இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஜஸ்டின் ஃபீல்ட்ஸை ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போக விட்டதையே இன்னும் மன்னிக்காதவர்கள். மறுபடி தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்ற பயம் அந்த வழக்கின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

1980ஐப் பற்றி ஒரு வார்த்தை. இளைய ரசிகர்கள் அதைப் பொற்காலம் என்று கேட்டு வளர்ந்தவர்கள், ஹெர்ஷல் வாக்கரின் ஓட்டங்களைப் படங்களில் பார்த்தவர்கள். பட்டத்தை உறுதிசெய்த ஷுகர் பவுலில் நோத்ர் டாமை 17-10 என்று ஜெயித்தபோது, ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் பக் பெலூ எறிந்த 12 பாஸ்களில் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. இந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. இன்றைக்கு எந்த ஊரிலும் பாதி ஆட்டத்துக்குள் அவரை மாற்றச் சொல்லிக் கூச்சல் எழும். ஆனால் அதே பெலூதான் அதற்கு முன்பு ஜாக்சன்வில்லில் ஃபுளோரிடாவுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில், 21-20 என்று பின்தங்கி, தன் கோல் கோட்டிலிருந்து ஏழே யார்டு தள்ளி நின்றுகொண்டு, துரத்தியவர்களிடமிருந்து வலப்பக்கமாகத் தப்பி ஓடியபடியே லிண்ட்சே ஸ்காட்டுக்கு ஒரு பந்தை எறிந்தார். ஸ்காட் அதை வாங்கி எல்லைக்கோடு வரை ஓடினார், மொத்தம் 93 யார்டு. ரேடியோவில் லேரி மன்சன் ஸ்காட்டின் பெயரைச் சொல்லி ஓடு ஓடு என்று கத்தியது அந்த மாநிலத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தப் பாஸ் பாடப் புத்தகத்தில் கிடையாது. உடைந்துபோன ஆட்டத்தை விட்டுவிட மனமில்லாத ஒருவரால் மட்டுமே அது பிறக்க முடியும்.

பெனட்டைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதுதான். டேனியல்ஸ் தரப்பு கண்டுபிடித்த குறையும், பெனட் தரப்பு வார்த்தைக்கு அகப்படாமல் தேடிய சிறப்பும் ஒரே இடத்திலிருந்து வருபவை. ஆட்டம் செத்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. அதிலிருந்தே பறிபோகும் பந்து வரும், அதிலிருந்தே நம்ப முடியாத பந்தும் வரும். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. ஸ்மார்ட் தானே ஜார்ஜியாவின் சேஃப்டியாக ஆடியவர், குவார்ட்டர்பேக்கை எதிரிலிருந்து படித்துப் பழகியவர். உடைந்த ஆட்டத்தையும் தொடரும் ஒருவர் எதிரே நின்றால் சேஃப்டிக்கு எவ்வளவு தொல்லை என்பது அவருக்கு உடம்பில் தெரிந்திருக்கும். அவர் பெனட்டை மாற்றவில்லை. மிச்சிகனுக்கு எதிரான அரையிறுதியில் பெனட் 313 யார்டு, மூன்று டச்டவுன். 34-11. வழக்கு சற்று அடங்கியது. இறுதியில் எதிரே வந்தது மறுபடி அலபாமா.

2022 ஜனவரி 10, இந்தியானாபொலிஸ். நான்காம் கால்பகுதியின் தொடக்கத்தில் ஜார்ஜியா 13-12 என்று முன்னிலை. தன் எல்லைக்குப் பக்கத்தில் பந்தோடு பின்வாங்கிய பெனட்டை அலபாமாவின் கிறிஸ்டியன் ஹாரிஸ் பிடித்து இழுத்தார். அங்கே செய்ய வேண்டியது பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுவது. பெனட் விழுந்துகொண்டே பந்தை எறியப் பார்த்தார். பந்து கையிலிருந்து நழுவிப் பக்கக்கோட்டை நோக்கி உருண்டது. பாஸ் தவறிவிட்டது, ஆட்டம் நின்றுவிட்டது என்றே மைதானத்தில் பாதிப் பேர் நினைத்தார்கள். அலபாமாவின் பிரையன் பிராஞ்ச் அலட்சியமாக, நடந்துகொண்டே அதை எடுத்தார், கால் கோட்டுக்குள் இருந்ததே பெரிய விஷயம். நடுவர்கள் பந்து அலபாமாவுக்கு என்றார்கள். சில முயற்சிகளில் டச்டவுன். 18-13.

டேனியல்ஸ் தரப்பு ஒரு மாதமாகச் சொல்லிவந்தது அத்தனையும் அந்த ஒரு கணத்தில் நிரூபணமாகிவிட்டது. ஒரு சொல்கூட மிகை இல்லை.

அடுத்து ஜார்ஜியாவுக்குப் பந்து கிடைத்தபோது நடந்ததை நான் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பந்து கிளம்புவதற்கு முன்பே அலபாமா வீரர் ஒருவர் கோட்டைத் தாண்டிவிடுகிறார். கொடி விழுகிறது. விதிப்படி இது குவார்ட்டர்பேக்குக்கு இலவச முயற்சி. பந்து பறிபோனாலும் செல்லாது, வெற்றி பெற்றால் செல்லும். இதை உணர்வதற்குக் கிடைப்பது ஒரு நொடியின் துணுக்கு. பெனட் உணர்ந்துவிட்டார். கால் நிலைகொண்டது, கண் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. 40 யார்டு தள்ளி, காவலர் ஒட்டிக்கொண்டு ஓடிய அடொனாய் மிட்செல் என்ற முதலாண்டு மாணவரின் கைக்கு மட்டுமே எட்டும் இடத்தில் பந்தை வைத்தார். சில நிமிடங்களுக்கு முன்னால் பட்டத்தையே நழுவ விட்டதாக நாடே நினைத்த கை அது. அணிக்குத் திரும்பவும் முன்னிலை. அதற்கடுத்த வாய்ப்பில் பிராக் பவர்ஸுக்கு இடப்பக்கம் ஒரு சிறு பாஸ். பவர்ஸ் 15 யார்டு ஓடி எல்லையைத் தொட்டார். கடைசியில் ஜார்ஜியாவின் தற்காப்பு வீரர் கீலீ ரிங்கோ, யங்கின் பந்தைப் பறித்துக்கொண்டு 79 யார்டு ஓட, பெனட் பக்கக்கோட்டில் நின்று அழுதார். 33-18. 41 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

எண்களை மட்டும் பார்த்தால் அன்று அவர் 26 பாஸ்களில் 17, 224 யார்டு. வரலாற்றுப் பேராட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த எண்களுக்கு நடுவே, தவறுக்கும் அடுத்த எறிதலுக்கும் இடையில் அந்தக் கண்கள் எப்படி இருந்தன என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த இரவு முழுதாகக் கிடைத்தது.

வழக்கு அத்தோடு தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்த வசந்தத்திலேயே, பட்டம் வாங்கித் தந்தவருக்குப் பதிலாக இளைஞர் கார்சன் பெக் வரலாமே என்று சிலர் பேசினார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, சலுகை காட்டாத ரசனை அப்படித்தான் இருக்கும். 2022 டிசம்பர் 31 அன்று ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக நான்காம் கால்பகுதியில் 38-24 என்று பின்தங்கியபோது அவர்கள் குரல் மறுபடி ஓங்கியிருக்கும். பெனட் அதுவரை தடுமாறிக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஏரியன் ஸ்மித்துக்கு 76 யார்டில் ஒரு டச்டவுன், 54 வினாடி மீதமிருக்கும்போது மிட்செலுக்கு இன்னொன்று. 42-41. சில நாட்களில் இறுதி ஆட்டத்தில் டி.சி.யு. அணியை 65-7 என்று நொறுக்கினார்கள். எறிந்து நான்கு, ஓடி இரண்டு என்று ஆறு டச்டவுன்கள் பெனட்டுக்கு. நான்காம் கால்பகுதியில் ஸ்மார்ட், பெனட் வெளியே வரும்போது கூட்டம் எழுந்து நின்று வழியனுப்பட்டும் என்று ஆட்டத்தை நிறுத்தினார்.

பிறகு பெக்கின் காலம் வந்தது. உயரம், கை, பாக்கெட்டுக்குள் நிதானம் எல்லாம் இருந்தவர். 2024இல் அலபாமாவுக்கு எதிராக மூன்று, டெக்சஸுக்கு எதிராக மூன்று, ஃபுளோரிடாவுக்கு எதிராக மூன்று எனப் பந்துகள் பறிபோக, அடுத்த வழக்கு தொடங்கியது: பெக்கா, கன்னர் ஸ்டாக்டனா? அந்த ஆண்டு டிசம்பர் 7, மறுபடி அட்லாண்டா, மறுபடி எஸ்.இ.சி. இறுதி, எதிரே டெக்சஸ். முதல் பாதியின் கடைசி முயற்சியில் பெக்கின் எறியும் கையில் முழங்கை காயமடைந்தது. ஸ்டாக்டன் வந்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. 19-16 என்று டெக்சஸ் முன்னே இருக்க, ஸ்டாக்டன் பந்தோடு கோல் கோட்டை நெருங்கி ஓடினார். விழுந்த மோதலில் தலைக்கவசம் கழன்று பறந்தது. கவசம் கழன்றவர் ஒரு முயற்சிக்கு வெளியே போக வேண்டும் என்பது விதி. பந்தை எறிய முடியாத கையோடு பெக் உள்ளே வந்து, அதை வாங்கி டிரெவர் எட்டியனிடம் கொடுத்தார். எட்டியன் ஓடி எல்லையைத் தொட்டார். 22-19.

அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது யார் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நான் ஸ்டாக்டன் பக்கம். கால்களை நீட்டிச் சறுக்கி விழுந்திருந்தால் அந்த மோதலைத் தவிர்த்திருக்கலாம், அவர் சறுக்கவில்லை. காவல் இல்லாத தலையோடு எழுந்து நின்றபோதும் பந்து அவர் கையில்தான் இருந்தது.